மங்களம் பாடாத நாடகம்

27.06.85

கந்தோரில் அரைநாள் லீவு கேட்டேன். "திரும்பவும் நாடகமோ?" என்றார் பெரிய கிளாக்கர். "ஓம், திரும்பவும் நாடகந்தான்" என்றேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சைக்கிளில் போய் நடிக்கிற எங்கள் கூட்டத்தை இந்த ஊர் இன்னும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் போகட்டும்.

அடுத்த கிழமை குருநகர். அங்கே படிப்பிக்கிற யோசப்பின் என்ற ரீச்சர் கோப்பாயில் என் வீட்டுக்கே வந்து அழைத்தார். காரணம் ஸ்ரெல்லா என்ற பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. ஆழக்கடலுக்குப் போக அரசாங்கம் தடை போட்டபிறகு தகப்பன் வன்னிக்குக் கூலிக்குப் போய்விட்டார். தாய் செபஸ்தியம்மா விடியவே சந்தைக்கு மீன் விற்கப் போகிறார். இரண்டு சின்னத் தம்பிகளைப் பார்க்க ஆளில்லாமல் ஸ்ரெல்லாவைப் பள்ளிக்கூடம் விடாமல் மறித்துவிட்டார்கள். செப்டெம்பரில் தொடங்குகிற மூன்றாம் தவணைக்கும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களாம்.

"நான் சொன்னாத் தாய் கேக்கிறா இல்லை, கனகாம்பிகை. உங்கடை நாடகம் சொல்லிப் பாக்கட்டும்."

கட்டாயம் சொல்லும் என்று வாய்விட்டேன். நாடகம் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புமா?

02.07.85

ஒத்திகை. எங்களுக்கு மத்தளம் அடிக்கிற சோமசேகரம் அண்ணையோடு சண்டை. நான் எழுதிய முடிவு இவ்வளவுதான்: பிள்ளை புத்தகத்தோடு வாசலில் நிற்பாள், தாய் மறித்து நிற்பாள்.

"போறாளோ இல்லையோ எண்டு சொல்லாமல் விட்டாச் சனம் அந்தரப்படும், பிள்ளை."

அந்தரப்படட்டும் என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், தெரியும்.

04.07.85

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வேம்புக்குக் கீழே நடித்தோம். நிலத்தில் போட்ட கயிறுதான் வீட்டு வாசல். நான் தாய், எங்கள் கூட்டத்து மகாதேவி மகள். மாணவர்கள் முன்னால், சந்தை முடிந்து மீன் கடகப்பெட்டிகளோடு வந்த தாய்மார் பின்னால். ஸ்ரெல்லா வேலியோரம் நின்றாள், இடுப்பில் ஒரு தம்பி, கையில் ஒரு தம்பி.

முடித்துக் கும்பிட்டோம். ஒருவரும் எழும்பவில்லை. கைதட்டவுமில்லை. பிடிக்கவில்லையோ?

யோசப்பின் ரீச்சர் என் காதுக்குள் சொன்னார்: "மங்களத்தைப் பாத்துக்கொண்டு இருக்கினம்."

இங்கே கூத்தென்றால் கடைசியில் மங்களம் பாட வேண்டும். பாடாமல் எழும்பிப் போனால் வீட்டுக்கு ஆகாதாம். எங்கள் நாடகத்தில் மங்களம் ஏது? சோமசேகரம் அண்ணை மத்தளத்தைத் தட்டி எதையோ பாடிச் சமாளிக்கப் பார்த்தார். செபஸ்தியம்மா எழும்பினார்.

"பொறுங்கோ அண்ணை. பெட்டை வாசல்லை நிக்கேக்கை என்னண்டு மங்களம் பாடுறது? ஒண்டில் உள்ளை விடுங்கோ, ஒண்டில் வெளியாலை விடுங்கோ."

வெளியே விடச்சொல்லிப் பிள்ளைகள் கத்தினார்கள்.

"விட்டா, சின்னனுகளை ஆர் பாக்கிறது?"

செபஸ்தியம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான்தானே நாடகத்துத் தாய். அதற்கு நான் வசனம் எழுதியிருக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். செபஸ்தியம்மாவின் அயல்வீட்டு மரியநாயகி. "நான் வீட்டிலை இருந்துதானே கிழிஞ்ச வலை பொத்துறன். என்னட்டை விடட்டும்." அதையும் என்னிடந்தான் சொன்னார்.

செபஸ்தியம்மா கடகத்தைத் தள்ளி வைத்தார். பிறகு நேரே வந்து, மகாதேவியின் கையைப் பிடித்துக் கயிற்றைத் தாண்ட வைத்தார். அப்படியே மங்களத்தைத் தொடங்கினார். சந்தையில் கூவிக் கூவிக் கரகரத்த குரல். தாய்மார் எடுத்தார்கள், பிள்ளைகள் எடுத்தார்கள், முழுப் பள்ளிக்கூடமும் பாடியது. நடுவில் வேலியோரத்திலிருந்து ஒரு குரல் எல்லாருக்கும் மேலே ஏறிப்போனது. ஸ்ரெல்லா!

இப்படி ஒன்றை என் ஆயுளில் கண்டதில்லை. இவ்வளவு பெரிய விசயத்தையா நாங்கள் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரிகிறோம்?

05.07.85

காதுக்குள் இன்னும் அந்தப் பாட்டு. கந்தோரில் ஒரே கடிதத்தை இரண்டுதரம் பிழையாக ரைப் அடித்தேன்.

15.07.85

யோசப்பின் ரீச்சர் வந்து போனார். ஸ்ரெல்லா இன்னும் பள்ளிக்கூடம் வரவில்லையாம். தாயிடம் போய்க் கேட்டாராம். செபஸ்தியம்மா சந்தைக்கு நேரமாகிறதென்று போய்விட்டாராம். மரியநாயகியோ, "அது கூத்திலை சொன்னதெல்லோ" என்று சிரித்தாராம்.

சரிதான். கூத்து வேறு, வீடு வேறு. இது தெரியாதா எனக்கு — பிறகேன் கிணற்றடியில் போய் நின்று அழுதேன்? அண்டைக்குக் கண்டது பொய்யே? இல்லை. பொய்யெண்டு மட்டும் நான் சொல்லமாட்டன்.

10.09.85

மூன்றாம் தவணை தொடங்கிவிட்டது. மனம் கேட்கவில்லை, குருநகருக்குச் சைக்கிளை விட்டேன்.

கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில், மரியநாயகி தன் வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். வலைக்குள் இரண்டு பொடியன்கள் உருண்டுகொண்டிருந்தார்கள். ஸ்ரெல்லாவின் தம்பிமார்.

"வாங்கோ, எல்லாம் உங்களாலை வந்த வினைதான்" என்றார். "பள்ளிக்கூடம் துடங்கின அண்டு செபஸ்தியம்மா விடிய வந்து ரெண்டையும் இதிலை இருத்திப்போட்டா. 'எடியே, அது கூத்திலை சொன்னதெல்லோ' எண்டன். 'மங்களத்துக்கு முந்தியெல்லோ சொன்னனீ' எண்டுபோட்டுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? முழுச்சனமும் சேந்து மங்களம் பாடி முடிச்சது. இனி நான் சொன்ன சொல்லு மாறேலுமே?"

சின்னவனின் காலில் சிக்கிய வலையை எடுத்துவிட்டுத் திரும்பவும் ஊசியைக் கையில் எடுத்தார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒன்பதாம் வகுப்புச் சன்னலால் எட்டிப் பார்த்தேன். கணக்குப் பாடம். யோசப்பின் ரீச்சர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் ஸ்ரெல்லா எழும்பி நின்றுகொண்டிருந்தாள்.