அரங்கில் கடைசி ஆள்

சூலூர்
3.8.2025

அன்புள்ள ஹாரிகாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதம் போதும் என்று நீ சொன்னது சரிதான். நீ கோயம்புத்தூர் ஃபிளாட்டுக்குப் போன பிறகு நாம் பிரித்துக்கொள்ளாமல் கிடப்பது இசைத்தட்டுகள் மட்டும். நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். ஒரு சிம்பொனிக்கு ஒரே பதிவு, மற்றது வெளியே. இனி வெளியே போவது உன்னிடம் வரும். புரூக்னரின் சிம்பொனிகளைப் பிரித்து முடித்தாயிற்று. மாலரின் ஒன்பதாவது சிம்பொனியில்தான் இழுபறி.

ஒன்று ஸ்டுடியோவில் எடுத்தது, சுத்தமோ சுத்தம். இன்னொன்று உனக்குப் பிடித்த கச்சேரிப் பதிவு, அரங்கமே இருமிக்கொண்டிருக்கும். இரண்டையும் சிடியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது.

ஒரு விஷயம். கச்சேரியில் இடது பக்கம் ஒருத்தர் கரகரவென்று இருமுவாரே, அவரைக் காணோம். மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இல்லை.

சென்னகேசவன்


கோயம்புத்தூர்
11.8.2025

ஏனுங்க,

சிடி வந்தது. இருமல்காரர் என்னிடம் சௌக்கியமாக இருக்கிறார். டாக்டர் வீட்டு வராந்தா மாதிரி எல்லோருமாகச் சேர்ந்து இருமுகிறார்கள். ஆளைக் காணோம் என்றால் முதலில் காதைக் காட்டுங்கள். அறுபதை நெருங்குகிறீர்கள், நான் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

கச்சேரிப் பதிவு எனக்கு. ஸ்டுடியோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆளே இல்லாத இடம்தானே உங்களுக்குப் பிடிக்கும். ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹாரிகா


சூலூர்
24.8.2025

அன்புள்ள ஹாரிகாவுக்கு,

காதைக் காட்டினேன். பழுதில்லை என்கிறார் டாக்டர்.

இப்போது இருமலே இல்லை. கடைசிப் பகுதியில் வயலின்கள் மெல்ல மெல்ல அடங்குமே, அந்த இடத்தில் நாற்காலிகள் மடங்குகிற சத்தம் கேட்கிறது. செருப்புச் சத்தம் கேட்கிறது. எழுந்து போகிறார்கள், ஹாரிகா. முடிவில் அரங்கமே அதிரும் கைதட்டல், ஞாபகமிருக்கிறதா? நேற்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் தட்டினால் எவ்வளவோ, அவ்வளவுதான் இருந்தது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பக்கத்தில் உட்கார்ந்து கேள். உனக்குக் கைதட்டல் முழுசாகக் கேட்டால், எனக்குப் பைத்தியம் என்று ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மணி. இதை வேறு யாரிடம் சொல்ல?

கேசவன்


கோயம்புத்தூர்
1.9.2025

ஏனுங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சிடியை முழுக்கக் கேட்டேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. கைதட்டல் காது வலிக்கிற அளவுக்கு இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்லியிருப்பீர்களா? மூச்சுச் சத்தம் கேட்கிறது, தள்ளிப்போ என்றுதானே சொல்வீர்கள்? கதவோரத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். இப்போது வரவைக்க இப்படி ஒரு கதை. எனக்கு அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. நான் வருவதாக இல்லை. அந்தத் தட்டை எனக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஹாரிகா


சூலூர்
9.9.2025

ஹாரிகா,

நீ சொன்னது அத்தனையும் நியாயம். நான் கேட்டிருக்க வேண்டும்.

தட்டை பேக் செய்தேன், மறுபடியும் பிரித்துவிட்டேன். எப்படி அனுப்புவது? அரங்கில் யாருமே இல்லை. வாசிக்கிறவர்கள் அத்தனை உயிரைக் கொடுத்து வாசித்து முடிக்கிறார்கள். முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை. வயலின் வில்லைக் கீழே இறக்காமல் காத்திருக்கிறார்கள். பாவமாக இருந்தது. நேற்று நானே எழுந்து நின்று கைதட்டினேன். அப்புறம்தான் அவர்கள் எழுந்தார்கள். எனக்குப் பயம் போய்விட்டது.

இன்றைக்கும் போடப் போகிறேன். யாராவது ஒருத்தர் இருக்க வேண்டுமல்லவா?

கேசவன்


கோயம்புத்தூர்
22.9.2025

ஏனுங்க,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. சூலூர் முகவரிக்கே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பஸ் பிடித்து வந்தேன். நம் தோட்ட வேலை பார்க்கும் மருதாசலம் கேட் அருகே நின்றிருந்தார். "ஐயா வெளிய போகவே இல்லீங்களே அம்மா, பாட்டுச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க" என்றார். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் காப்பி ஆறக்கூட இல்லை. உங்கள் செருப்பு, கண்ணாடி, போன் எல்லாம் இருந்தன. போலீஸில் சொல்லித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிணறு வரைக்கும் பார்த்தாயிற்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் வந்திருக்கலாம். கூப்பிட்டபோதே வந்திருக்கலாம்.

இன்று மத்தியானம் என்னிடம் இருக்கும் சிடியைப் போட்டேன். இருமல் அப்படியே இருந்தது. கைதட்டலும் அப்படியே அதிர்ந்தது. அது ஓய்ந்து எல்லோரும் நிறுத்திய பிறகும், ஒருத்தர் மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார். இதுவரை அந்த இடத்தில் யாரும் தட்டியதில்லை. உங்களுக்குத் தாளம் எப்போதுமே ஒரு இழை பிந்தும். எனக்கா தெரியாது?

நான் ஸ்பீக்கர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "போதுமுங்க, ஊட்டுக்கு வாங்க" என்றேன்.

கைதட்டல் நின்றது. நாற்காலி மடங்கியது. செருப்பில்லாத காலடி, அவசரமில்லாமல், இந்தப் பக்கமாக வந்தது. அதோடு சிடி முடிந்துவிட்டது.

இனி நான் அதைப் போடப் போவதில்லை. உங்களுக்கு இந்த ஃபிளாட் தெரியாதே. லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது கைப்பக்கம், இரண்டாவது கதவு. தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைத்திருக்கிறேன்.

உங்கள்
ஹாரிகா