ஐம்பத்தெட்டு அங்குலப் பொய்

அன்புள்ள அத்தா,

சலாம். அதைச் சொல்லாமல் கடிதம் தொடங்க நீங்கள் என்னைப் பழக்கவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவதில் பெரும்பகுதி கோபம்தான்.

வண்டி மேல் ரேக் ஏறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நிறுத்தி, "அது இருக்கட்டும்மா, ரேக் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கடைசி ஐந்து மாதம் நாம் ஃபோனில் வேறு என்ன பேசினோம்?

வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்தக் கடிதத்தை நம் ஆலன் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் போடும் நோன்பு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். நீங்கள் செய்ததை நீங்கள் மட்டும் செய்யவில்லை. இதைப் படிக்கப் போகும் பல அங்கிள்களும் ஆன்ட்டிகளும் எதையோ ஒரு பிள்ளையிடம் இப்போதும் மறைத்து வைத்திருப்பார்கள். அவர்களும் கேட்கட்டும்.

போன நோன்பின் முதல் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? நம் ஆட்களின் கஞ்சி, வாடகை ஹால், நூறு பேர். அந்த ஹாலில் மேசை கிடையாது. நம் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் இரண்டு கஞ்சி அண்டாக்களையும் நிமிர்த்திக் கட்டியதும் இடம் தீர்ந்துபோனது. எட்டடி மடக்கு மேசைகளை உங்கள் நண்பர் ஹக்கீம் அங்கிள் தன் வேனில் இரண்டு நடையாக ஏற்றி வந்தார். இரண்டாவது நடை வருவதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் கொதிக்கும் கஞ்சிக் கோப்பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றே நோன்பு திறந்தார்கள். நீங்கள் அவமானப்பட்டுப் போனீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். பின்தொட்டிக்கு மேல் ஃபைபர்கிளாஸ் கூடு ஒன்று இருக்கிறதே, கேப் என்று விற்பார்கள், அதைத் தட்டிப் பார்த்தீர்கள். "வண்டிதான் தொப்பி போட்டிருக்குல்ல, தொப்பிக்கு மேல ஒரு ரேக் அடிச்சிட்டா மேசையெல்லாம் ஒரே நடை" என்றீர்கள். அம்மா சொன்னார், "ஐடி கம்பெனில உக்காந்து வேலை பாக்குற மனுஷன், லோடு அடிக்கிறவர் மாதிரி ஒரு வண்டிய வாங்கிட்டு வந்தீங்க. இப்ப அதுக்கு மாடி வேற கட்டப் போறீங்களா?" கடையில் விற்கும் ரேக்கையே வாங்கிப் போடுங்கள் என்று நான் சொன்னதற்கு, "நீ எதுக்கு எஞ்சினீயருக்குப் படிச்ச?" என்றீர்கள்.

அடுத்த மாதம் உங்கள் கணையத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். உங்களிடம், அம்மாவிடம், ஹக்கீம் அங்கிளிடம். என்னிடம் இல்லை. நான் வேலைக்காக வேறு மாநிலத்தில், சான் ரமோனில் இருந்தேன், செப்டம்பரில் எனக்கு எஞ்சினீயர் உரிமத் தேர்வு. "எக்ஸாம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று நீங்கள் மூவரும் முடிவு செய்தீர்கள். யாரைக் கேட்டு?

வாரம் இரண்டு முறை பேசினோம். ஒவ்வொரு பேச்சும் ரேக்.

"கூரை மேல நேரா போல்ட் போட்டா என்னம்மா ஆகும்?"

"விரிசல் விட்டுடும் அத்தா. அது மெல்லிசு. பாரம் கூரை மேல நிக்கக் கூடாது. ஓரத்துக்கு வந்து, உள்ள ஒரு சட்டம் வழியா தொட்டி விளிம்புக்கு இறங்கணும்."

"அப்ப சட்டம் அடிச்சிடுறேன்."

அடுத்த வாரம் கேட்டால், "அடிச்சாச்சு."

"வீடியோ போடுங்க, பாக்குறேன்."

"பாதி வேலைய எஞ்சினீயருக்குக் காட்டக் கூடாதும்மா. முடியட்டும்."

உங்கள் முகத்தைக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் ரேக்கையும் காட்டவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. குறுக்குக் கம்பி எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "இரு, அளந்து சொல்றேன்" என்றீர்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இரும்பு டேப் தன் கூட்டுக்குள் சடாரென்று ஓடி அடங்கும் ஒலி. "அம்பத்தெட்டு இன்ச்." அந்த ஒலியைக் கேட்டதால்தான் நம்பினேன். நீங்கள் வெயிலில் வண்டி பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொன்னேன். சிரித்தீர்கள். எப்படிச் சிரிக்க முடிந்தது?

ஒரு தடவை எரிச்சலில், "இதையே மூணாவது வாட்டி கேக்குறீங்க அத்தா, நான் படிக்கணும்" என்று ஃபோனை வைத்துவிட்டேன். மருந்தில் உங்களுக்கு நினைவு தடுமாறியதாம். அதை அம்மா பிறகு சொன்னார். தெரிந்திருந்தால் முப்பது வாட்டி சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பை என்னிடமிருந்து பறித்தது நீங்கள். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஹக்கீம் அங்கிள் கூப்பிட்டார். "அத்தாவுக்குக் கொஞ்சம் முடியலம்மா. ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். பயப்படாம கிளம்பி வா." விமானத்தில் மூன்றரை மணி நேரம். முழு நேரமும் உங்களுக்கு ஷிஃபா கேட்டு துஆ செய்தேன். விமான நிலையத்தில் அவர் என் பையை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. ஃப்ரீவேயிலிருந்து இறங்கி வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பள்ளிவாசல் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என்னைக் கூப்பிடும் முன்பே நீங்கள் போயிருந்தீர்கள். ஆஸ்டினில் படிக்கும் தம்பி யூசுஃபுக்கும் அதுவரை எதுவும் தெரியாது, அவனையும் இதே பொய்யைச் சொல்லித்தான் வரவழைத்திருந்தார்கள்.

போய்விட்ட ஒருவருக்காக உடல்நலம் கேட்டிருக்கிறேன் அத்தா. அந்த துஆ எங்கே போயிருக்கும்?

எந்தத் தேர்வுக்காக மறைத்தீர்களோ அந்தத் தேர்வை நான் எழுதவில்லை.

உங்களுக்கான நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை அம்மா வீட்டோடு இருந்தார். முடிந்ததும் நான் மடிக்கணினியோடு ஆலனுக்கே வந்துவிட்டேன், இங்கிருந்தே வேலை. நோன்புக்கு மூன்று வாரம் இருந்தது. முதல் சனிக்கிழமைக்கு மேசைகளை நம் வண்டியில் நானே கொண்டு வருவேன் என்று குழுவில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் கராஜைத் திறந்தேன்.

சட்டம் இல்லை. போல்ட் இல்லை. கேப்பில் ஒரு துளைகூட இல்லை. சுவரோரம் நீளமான இரும்புக் கம்பிகள் இரண்டு, கடை ஸ்டிக்கரோடு. "அடிச்சாச்சு", "மாட்டியாச்சு", "ஆட்டிப் பாத்தேன், அசையல", எல்லாம் பொய்.

ஆனால் என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். அதைப் பார்த்த பிறகும் உங்கள் அளவை நம்பினேன். நோயைப் பற்றிப் பொய் சொல்வீர்கள், அளவைப் பற்றியும் சொல்வீர்கள் என்று தோன்றவே இல்லை. டேப் ஒலி காதில் இருந்தது. ஃபோனில் அன்று குறித்து வைத்ததை எடுத்துப் பார்த்து இரண்டு கம்பியையும் ஐம்பத்தெட்டு அங்குலத்துக்கு அறுத்தேன். தூக்கிக் கூரை மேல் வைத்தால் நாலங்குலம் குறைகிறது. கம்பியின் நுனி ஓரத்தில் வந்து நிற்கவில்லை, கூரையின் மெல்லிய பகுதியிலேயே நின்றது. எங்கே பாரம் நிற்கக் கூடாது என்று உங்களுக்கு அத்தனை முறை சொன்னேனோ அங்கே.

கம்பியைத் தரையில் வீசி அடித்தேன். "அளவுலயுமா பொய் சொல்வீங்க!" என்று கத்தியது தெருவில் நாயை நடத்திக்கொண்டு போனவரை நிறுத்திவிட்டது. அம்மா ஓடி வந்தார்.

"என்னடி, கைய வெட்டிக்கிட்டியா?"

"அம்பத்தெட்டுன்னு சொன்னார்மா. அறுபத்திரண்டு இருக்கு. இவர் எதை அளந்தார்?"

அம்மா கம்பியை எடுத்துப் பார்த்தார். பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சன்னல."

"என்னது?"

"அப்ப அவரால கட்டில விட்டு எந்திரிக்க முடியாது. நீ நீளம் கேட்டியாம். டேப்ப எடுத்துட்டு வான்னார். கட்டில ஒட்டி இருக்குல்ல சன்னல், ஒரு முனைய என்னைப் புடிக்கச் சொல்லி அதை அளந்தார். எதுக்குங்க, வாயில வந்தத சொல்லிட்டுப் போங்களேன்னு கேட்டேன். புள்ளைக்கு வாயில வந்தத சொல்ல மாட்டேன்னுட்டார். பொய் சொல்றதுக்கும் அளந்துதான் சொல்லணுமாம் உங்க அத்தாவுக்கு."

சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மாடிக்குப் போய் அந்தச் சன்னலை அளந்தேன். ஐம்பத்தெட்டு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டேப்பைச் சுருட்டாமல் அப்படியே கட்டிலில் நீங்கள் படுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுமுனையை அம்மா பிடித்திருந்தார் என்பதுதான் தாங்கவில்லை. உங்களுக்கு ஒரு பிடி, நோய்க்கு ஒரு பிடி, பொய்க்கு ஒரு பிடி என்று ஐந்து மாதம் அவர் ஒற்றை ஆளாகத் தாங்கியிருக்கிறார். அந்த டேப் முனையைப் பிடிக்க நான் வந்திருக்க மாட்டேனா?

புதுக் கம்பி வாங்கினேன். இந்த முறை நானே மூன்று தடவை அளந்தேன். நாலு மூலையிலும் துளை போட்டு, உள்ளே அகலமான அலுமினியத் தகடு வைத்து, ரப்பர் போட்டு, மழைநீர் இறங்காமல் பசை பூசி இறுக்கினேன். கேப்புக்குள் இரண்டு பக்கமும் மரச்சட்டம் நிறுத்தி பாரத்தைத் தொட்டி விளிம்புக்கு இறக்கினேன். பத்து மேசைக்கு மேல் ஏற்றக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மேசைகளை ஏற்ற ஹக்கீம் அங்கிள் வந்தார். கயிறு கட்டிக்கொண்டே, "உங்க அத்தா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"இருந்திருந்தா என்கிட்ட இன்னொரு பொய் சொல்லிருப்பார் அங்கிள். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பீங்க."

அவர் கை நின்றுவிட்டது. "என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரும்மா. நான் என்ன பண்ணுவேன்?"

"ஏர்போர்ட்லயாவது சொல்லிருக்கலாம்."

"சொல்லிருக்கலாம்" என்றார். "வாய் வரல. நீ துஆ ஓதிட்டே வந்து இறங்குன." கயிற்றை மறுபடி இழுத்து முடிச்சுப் போட்டார். அவரோடு அதற்கு மேல் எனக்குச் சண்டையில்லை. உங்களோடுதான்.

நேற்று முதல் சனிக்கிழமை. அண்டாக்கள் உள்ளே, மேசைகள் மேலே, அம்மா பக்கத்தில். ஃப்ரீவேயில் காற்று மோத, கம்பிகள் விசில் அடித்தன. பாதி வழியில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வாரம் மேமோகிராம் எடுத்தேன்ல. திரும்ப வரச் சொல்லிருக்காங்க. ஏதோ தெரியுதாம். செவ்வாய்க்கிழமை ஸ்கேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அம்மா உடனே, "யூசுஃப்கிட்ட சொல்லிடாத. அவனுக்கு அடுத்த வாரம் மிட்டர்ம். முடியட்டும்" என்றார்.

முடியட்டும். அதே சொல், அத்தா. நீங்கள் அடித்த ஆணி அது, இன்னும் இந்த வீட்டில் அசையாமல் இருக்கிறது.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"என்னடி பண்ற? பாங்குக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. போன வருஷம் மாதிரி எல்லாரும் நிக்கப் போறாங்க!"

"நிக்கட்டும்மா" என்று சொல்லி யூசுஃபை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன்.

"ஹே அக்கா, ரேக் ஓகேவா?"

"ரேக் ஓகே. அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அம்மா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். "ஒண்ணுமில்லடா தம்பி, சஹருக்கு என்ன சாப்பிட்ட..."

"அம்மா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார்.

"வெயிட்" என்றான். "ஸ்கேன் இன்னும் எடுக்கலயா? யூ ஆர் டெல்லிங் மீ பிஃபோர்?"

"ஆமாடா, முன்னாடியே சொல்றோம்" என்றேன். அவன் அழுவது கேட்டது. அம்மா ஃபோனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "பரீட்சைய விட்டுட்டு வந்தேன்னா காலை ஒடிப்பேன்" என்றார். "ஐ வில் டூ போத், அம்மா" என்றான். அம்மா துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வண்டிய எடு. கஞ்சி ஆறுது" என்றார். உங்கள் மையத்தை அடக்கிய அன்று இறுகிய அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

பாங்குக்கு நாலு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். மேசைகள் விரிந்தன. எல்லோரும் உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். ரேக் ஒரு நூல்கூட அசையவில்லை. நிஜமாகவே ஆட்டிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் ஒரே வண்டியில் போகிறோம். என்ன சொல்வார்களோ தெரியாது. நல்லதோ கெட்டதோ, கேட்ட அன்றே மூவருக்கும் தெரியும். ஏப்ரலில் தேர்வு எழுதுகிறேன், நடுவில் என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீங்கள் வாங்கியதற்கு நேர் எதிரான சத்தியம். என் உடம்புக்கு ஏதாவது வந்தாலும் யாரிடமும் மறைக்க மாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அறுத்துப் பாழாக்கிய இரண்டு கம்பிகளையும் தூக்கிப் போடவில்லை. உங்கள் சன்னலுக்குத் திரைக்கம்பியாக ஒன்றை மாட்டிவிட்டேன். சரியாகப் பொருந்துகிறது.

கோபம் தீராமலே உங்களுக்காக துஆ கேட்கும்,
உங்கள் மூத்த மகள்
ரஹீமா