துவைத்து வந்த கோட்டு

அன்புள்ள புர்மகானுக்கு சலாம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? மேலே மேய்ச்சலில் நானும் பதினோரு யாக் மாடுகளும் நலம்.

மிஞ்சிய செம்மறிகளை விற்று யாக் வாங்கியது கிறுக்குத்தனம் என்றும், முதல் பனிக்குமுன் இறைச்சி வியாபாரியோடு வருவதாகவும் நம் மகன் எர்கின் எழுதியிருக்கிறான். அதற்குத்தான் இந்தப் பதில்.

நீ தைத்து அனுப்பிய பழைய கோட்டு வந்தது. ஏன் துவைத்தாய்? சோப்பு வாசனையோடு கறக்கப் போனேன். கருப்பி என்னை வேற்றாள் என்று உதைத்துவிட்டது. விலாவில் லேசான வலிதான், பயப்படாதே. மூன்று நாள் எந்த மாடும் பால் சுரக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்து ஜோல்தோஷ் சிரித்தான்.

"என்ன பெரியவரே, புது மாப்பிள்ளை கணக்கா மணக்குறீங்க! பேசாம ஆட்டுக்கே திரும்பிடுங்க."

"நாப்பது வருஷம் ஆடு மேய்ச்சாச்சுடா. போன பனியில பாதி செத்துச்சு. அதே பனியில யாக் ஒண்ணாவது செத்துச்சா? உன் வேலையப் பாரு."

கோட்டைச் சாணத்தில் புரட்டிப் போட்டுக்கொண்டு, மாடுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். நேற்றுக் கருப்பி கறக்க விட்டது. அரை வாளி பால்.

எர்கினிடம் சொல்: ஒன்றையும் விற்கமாட்டேன்.

கட்டி உப்பு ஒரு மூட்டை, சாக்கு ஊசி, என் கண்ணாடி அனுப்பு. நீ சுட்ட ரொட்டி நான்கு வை, காய்ந்தாலும் பரவாயில்லை. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது. போன கடிதம் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜோல்தோஷ் குதிரை ஏறிவிட்டான், கடிதத்துக்குக் கை நீட்டுகிறான். பனி விழுந்தால் எல்லோரும் கீழே இறங்குவார்கள். யாக் இறங்காது. நானும் இறங்கப் போவதில்லை. எனக்குப் படுக்கை விரித்து வைக்காதே.

சாதிர்குல்