சொல்லாமல் போன புதன்கிழமை

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். உன் அண்ணன் மேஸ்திரியும் சுகம். இதோ, என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று மேற்பார்வை பார்க்கிறான். சின்ன வயதில் அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நீதானே!

நேற்று போனில் நீ கத்தினாய், நான் கத்தினேன், வேறு ஒன்றும் நடக்கவில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா வளர்த்த வளர்ப்பு உனக்குத் தெரியும். யார் வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் போகக் கூடாது. வளர்ந்தும் குழந்தை மனசாகவே இருக்கிற நம் மேஸ்திரி இருந்த காப்பகத்துக்குக்கூட சனிக்கிழமை போன் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகிற மரியாதைக்காரர்கள் நாம். போகும்போதெல்லாம் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, நீலச் சட்டை போட்டு வரவேற்பறையில் உட்கார வைத்திருப்பார்கள். என்ன சுத்தம் என்று நாமும் மெச்சிக்கொண்டு திரும்புவோம்.

அந்தப் புதன்கிழமை அங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொடுக்கப் போனேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவனைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. போனில் சார்ஜ் இல்லை. சரி, ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம் என்று போனால், முன்னறைப் பெண் வெலவெலத்துப் போனாள். “போன் பண்ணிட்டு வந்திருக்கலாமேக்கா, அவரு தூங்குறாரு” என்றாள். வெயில் ஏறிய பிறகு என்னடி தூக்கம் என்று கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

பின்பக்கம் கடைசி அறை. வெளியே தாழ்ப்பாள். உள்ளே அடித்த நாற்றத்தை எழுத மாட்டேன். ஈரப் பாயில் மேல் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். விலா எலும்பு தெரிந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கட்டிப்போட்ட தழும்பு. கொசு கடிக்கிறது, முழுக்கைச் சட்டையாகத் தைத்துக் கொடுங்கள் என்று அவர்கள் ஏன் கேட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவளே நான்தான்.

என்னைப் பார்த்து அவன் சிரிக்கவில்லையடா. பதறி எழுந்து சட்டையைத் தேடினான். “இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா? நான் இன்னும் ரெடியாகலியே. அவங்ககிட்ட சொல்லிடாதக்கா” என்றான். அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

நிர்வாகி குறுக்கே வந்து நின்றார். பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டவர் உங்கள் சின்னத் தம்பி, அவர் சொன்னால்தான் அனுப்புவோம் என்றார். “தாராளமா போலீஸைக் கூப்பிடுங்க. நானும் அங்கதான் போறேன்” என்று சொல்லிவிட்டு, என் துப்பட்டாவை அவனுக்குப் போர்த்தி ஆட்டோவில் ஏற்றினேன்.

புகார் கொடுத்தாயிற்று. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தாயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி. நாற்காலியில் உட்காராமல் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவனிடமே கேட்டார். அவரே மாதக் கடைசியில் உன்னைக் கூப்பிடுவார். நிர்வாகி முந்திக்கொண்டு விட்டார். அவன் முரண்டு பிடிப்பான், அவன் நல்லதுக்குத்தான் கட்டினோம், அதிகாரியிடம் புகார் எதுவும் இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உன் காதில் ஓதியிருக்கிறார். நீயும், “ஆளைத்தான் கூட்டிட்டு வந்துட்டியேக்கா, இனி எதுக்கு வம்பு?” என்கிறாய்.

எதற்கு என்று சொல்கிறேன். நாங்கள் வெளியே வரும்போது அடுத்த அறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். அதில் பூட்டு தொங்கியது. உன் ஒரு வார்த்தையில் விசாரணை நின்றால் அந்தப் பூட்டு அப்படியேதான் இருக்கும். அந்த ஆளுக்கு என்னைப் போல ஒரு வாயாடி அக்கா இருக்கிறாளோ என்னவோ.

நீ தேடிப் பிடித்த இடம் என்று உனக்கு உறுத்துகிறது. பாசத்தோடுதான் தேடினாய், நானும் தலையாட்டினேன். ஏமாற்றியவர்கள் அவர்கள். வெட்கமும் அவர்களுக்கே இருக்கட்டும்.

இங்கே முதலில் ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தான். நான் திட்டவில்லை. சட்டையில் ஆழமாக ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன், இதில் இருப்பதை யாரும் தொட மாட்டார்கள் என்றேன். இப்போது அதில் நூல்கண்டு வைத்திருக்கிறான். மாமா குளிப்பாட்டப் போகும்போது, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். சில நாள் வரக் கூடாது என்று உத்தரவு. காலையில் என்னிடம், “தையல் கோணலாப் போவுது பாரு” என்றான். பார்த்தேன், கோணல்தான்! பிரித்துத் தைத்தேன்.

அந்த அதிகாரி அம்மா கூப்பிடுவதற்கு முன்னால் நீ ஒரு தடவை மேஸ்திரியிடம் பேசு. அவன் மெதுவாகச் சொல்வான், அவசரப்படுத்தாதே. பிறகு அவரிடம் நான் சொன்னதைச் சொல்ல வேண்டாம், அவன் சொன்னதைச் சொல். அது போதும்.

லீவு கிடைத்ததும் வா. அப்பா என்னை மன்னிக்கட்டும், இந்த வீட்டுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் வா. எந்தக் கிழமை வந்தாலும் உன் அண்ணன் சட்டையைத் தேடாமல் வந்து கதவைத் திறப்பான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், ராசா.

உன் அக்கா