தாய்மாமனைக் கடத்திய ஏழு தலையர்கள்

பசுமலை,
14.8.2025

அண்ட சராசரங்களை அதட்டி அடக்கும் அருமை மருமகள் சத்யப்ரியாவுக்கு,

விண்வெளிச் சக்கரவர்த்தியான உன் மாமா எழுதுவது. நான் நலம். நீயும் உன் குட்டித் தம்பியும் நலம்தானே?

நாம் சேர்ந்து எழுதும் நாவலின் ஏழாம் அத்தியாயம் இதோ. நேற்று இட்லிக் கொப்பரை வடிவத்தில் ஒரு கப்பல் என் மொட்டை மாடியில் இறங்கியது. நாற்பது கோடி மைலை நாலே நிமிடத்தில் கடந்தவர்கள், காளவாசல் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றார்களாம். ஆளுக்கு ஏழு தலை. தோசை கேட்டார்கள். தலைக்கொரு சட்னி வேண்டுமாம்! மாவு தீர்ந்ததும் என்னைச் சிறைபிடித்துவிட்டார்கள்.

ஆகையால் 31ஆம் தேதி அழகர்கோவிலில் உன் தம்பிக்கு நடக்கும் காதுகுத்துக்கு நான் வர இயலாது. இன்னொன்று. தாய்மாமனை வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்காமல், செல்போனில் பத்திரிகையைத் தட்டிவிடுவது அவர்கள் கிரகத்தில் மகா குற்றமாம். நான் சொல்லவில்லை. அவர்கள்தான் சொல்கிறார்கள்.

கைதியானாலும் கம்பீரம் குறையாத,
மாமா சூரியபிரகாஷ்

ஒத்தக்கடை,
18.8.2025

அன்புள்ள பொய் மாமாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்னி வரைக்கும் சிரித்தார். வெற்றிலைத் தட்டு பற்றிய வரி வந்ததும் அடுப்படிக்குள் போய்விட்டார்.

அப்பா அம்மாவிடம், "ஊருக்கே போன்ல தான அனுப்புனேன்? உன் தம்பிக்கு மட்டும் எதுக்கு இம்புட்டுக் கோவம்? வரலைன்னா எங்கண்ணன் மடியில வச்சுக் குத்துவோம்" என்றார்.

"தாய்மாமன் மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது" என்றார் அம்மா. இரண்டு நாளாக அவர்களுக்குள் பேச்சே இல்லை.

மாமா, எனக்குக் காது குத்தியபோது உங்கள் கையைத்தானே கடித்தேன்? தம்பி யார் கையைக் கடிப்பான்?

அப்பாவின் கண்ணில் படட்டும் என்று உங்கள் கடிதத்தை அவர் ஹெல்மெட்டுக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் எட்டாம் அத்தியாயத்தில் சக்கரவர்த்தியைக் கொன்றுவிடுவேன்.

கோபத்துடன்,
சத்யப்ரியா

பசுமலை,
25.8.2025

என் உயிரைப் பேனா முனையில் வைத்திருக்கும் மருமகளே,

கொன்றுவிடாதே! நேற்று உன் அப்பா வந்தார். பின்னால் உன் அம்மா, கையில் தட்டோடு. அப்பா வண்டியை நிறுத்தி மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க மாப்ள, கப்பலு?"

"சர்வீசுக்கு விட்டிருக்கேன் மச்சான்."

"நான் செஞ்சது தப்புதான். ஏழு தலையும் மன்னிக்கணும்" என்று உன் அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி நீட்டினார். அண்டம் நடுங்க நான் தயார் செய்து வைத்திருந்த பதினாயிரம் பக்க வசனத்தையும் மடித்து வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன். உன் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குத் தோசை சுட்டுத் தந்தாள்.

ஒரு ராணுவ ரகசியம்: உன் தம்பி பிறந்த அன்றே கடுக்கன் வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். அழைக்காவிட்டாலும் அழகர் மலைக் குரங்குகளோடு குரங்காக வந்து நின்றிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி இறங்கும்போது இரண்டு அழுகைச் சத்தம் கேட்கும். ஒன்று உன் தம்பியுடையது. மற்றது ஏழு தலையர்களுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிடு.

உன்,
மாமா