சங்கக்கடைக்கு மூன்று பந்தி நன்றி

சோலோதுர்ன்,
26.10.1997

அன்புள்ள சிவமலருக்கு,

நேற்று மாலை, நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் இந்த அகதி வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. இனிமேல் பேக்கரிப் பாணின் ஓரங்களை வெட்டி எறிவதில்லை. நால்வரில் மூவர் ஆதரவு. மன்னார்ப் பீற்றர் மட்டும் பல்வலியைக் காரணம் காட்டி நடுநிலை வகித்தார்.

காரணம் நான் வாசிக்கும் புத்தகம். ஜேர்மன் மொழி பழகட்டும் என்று நூலகத்தில் எடுத்தேன். கிரேக்க, ரோமக் காலத்துப் பஞ்சங்களைப் பற்றியது. பதினான்கு வருடம் ரோமாபுரியைப் படிப்பித்தும், அது என்ன சாப்பிட்டது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எகிப்திலிருந்து தானியக் கப்பல் வந்தால் சாப்பிட்டிருக்கிறது. ஒருமுறை தட்டுப்பாட்டில் சனம் சக்கரவர்த்தியையே சதுக்கத்தில் மறித்துக் காய்ந்த பாண் துண்டுகளால் எறிந்ததாம். தட்டுப்பாட்டில் எறியப் பாண் எங்கிருந்து வந்தது என்று புத்தகம் சொல்லவில்லை.

சண்டையில் தரைப்பாதை மூடியபின் யாழ்ப்பாணமும் கப்பலைத்தானே பார்த்திருக்கிறது. உமது கடிதம் ஒரு மாதம் எடுத்து வந்து சேர்ந்தது. மாவும் அரிசியும் தாராளம், வீணாக யோசிக்க வேண்டாம் என்று ஒரு வரி. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் சண்முகலிங்கம் தங்கமான மனிதர், உமக்கென்று இரண்டு கிலோ கோதுமை மா ஒளித்து வைத்துத் தந்தார் என்று மூன்று பந்தி. கிரேக்க நகரங்கள் பல, நியாய விலைக்குத் தானியம் விற்ற வியாபாரிகளுக்குக் கல்வெட்டு வைத்து நன்றி சொல்லியிருக்கின்றன. எந்தெந்த வருடம் தட்டுப்பாடு என்பதை ஆய்வாளர்கள் அந்த நன்றிகளிலிருந்துதான் அறிகிறார்கள். தாராளமான வருடத்தில் கடைக்காரருக்கு யார் கல் நடுவார்?

பீற்றரிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, மனிசி நல்லா இருக்கிறன் எண்டால் நல்லா இருக்கிறா. கல்வெட்டு வாசிக்கிற மாதிரிக் கடிதம் வாசியாதேங்கோ" என்றார். பிறகு அவரே கடிதத்தை வாங்கி வாசித்தார். பிறகு, போதும் என்று பாதிச் சோற்றுக் கோப்பையோடு எழும்பிவிட்டார்.

ரோமர் கார்த்திகையில் கடலை மூடினால் பங்குனி வரை கப்பல் இல்லை. எங்கள் காங்கேசன்துறைத் துறைமுகத்தை யாரும் மூடத் தேவையில்லை, மாரிக்காற்று மூடிவிடும். அதற்கு முன் திருகோணமலைக்குத் திரும்பும் கப்பலில் ஆட்களையும் ஏற்றுகிறார்கள் என்று அறிந்தேன். தயவுசெய்து உமது பெயரையும் மகளின் பெயரையும் உடனே பதியும். நான் விட்டுவந்த வகுப்பை முடித்துக் கொடுக்காமல் வரமாட்டேன் என்பீர். ரோமப் பேரரசின் வீழ்ச்சிதான் மிச்சம் இருக்கும். நீர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அது விழும்.

நல்லூரான் உம்மையும் பிள்ளையையும் கடல் பொறுத்திருக்கும்போதே கரை சேர்க்கட்டும்.

என்றும் உமது,
வரதராசா

பி.கு.: மகள் சுமித்ராவின் பதினோராவது பிறந்தநாளுக்குச் சட்டை அனுப்புகிறேன். போன வருடம் பத்து வயதுச் சட்டை வாங்கினேன். இம்முறை நீர் எழுதிய அளவுகளைப் பார்த்துவிட்டு, கடைக்காரப் பெண் எட்டு வயதுச் சட்டையை எடுத்துத் தந்தாள்.