லயம் என்ற சொல்லும் பின்கதவில் நின்ற டேப்பும்

என் அருமை ராசு அண்ணனுக்கு,

நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பேரை மாற்றிவிட்டார்கள். லுணுகலைப் பாதையோரம் பலகை நட்டு, சிங்களத்தில் ஏதோ 'கம' என்றும் தமிழில் 'புதுக்கிராமம்' என்றும் எழுதியிருக்கிறார்கள். பலகைதான் புதுசு. கூரைத் தகரம் பழசேதான், நீங்கள் கல் தூக்கி வைத்த இடத்தில் இன்னும் ஒழுகுகிறது. பேர் மட்டும்தான் மாறுமோ என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

"லயம்னு இனிமே சொல்லாதீங்க, அது கேவலமான சொல்லு" என்றார், பலகை நட்ட அன்று நடந்த கூட்டத்துக்கு வந்த அதிகாரி. பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண டீச்சர் உடனே எழுந்துவிட்டார். "லயம் எண்டது வடமொழியில நல்ல சொல்லல்லோ? பாட்டும் தாளமும் சேர்ந்து போறதைச் சொல்லுறது. ஒண்டில கரைஞ்சு போறது எண்டும் கருத்து இருக்கு."

நல்ல மனுஷி, பாவம். நம் லயம் அங்கிருந்தா வந்தது? வெள்ளைக்காரத் துரை 'லைன்' என்றான், வரிசை என்று அர்த்தம். சிங்களவர் 'லயிம' என்றார்கள். நாம் லயம் ஆக்கிக்கொண்டோம். எந்தப் பாஷையில் சொன்னாலும் பத்தடிக் காம்பராவில் ஏழு பேர்தான் படுத்தோம்.

மறுநாள் அளக்க வந்தார்கள். வீட்டுக்கு வீடு காணிப் பத்திரமாம். முன்வாசலில் பிடித்த டேப்பைப் பின்கதவோடு நிறுத்திவிட்டார்கள். பின்னால் நீங்கள் கல் அடுக்கிக் கட்டிய மூன்று பாத்தி இருக்கிறதே, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் தினமும் வெட்டியது? இப்போது அதில் போஞ்சி பூத்திருக்கிறது. அதை ஏன் விட்டார்கள்?

"ஐயா, பின்னால இருக்கிற மரக்கறித் தோட்டமும் எங்களுதுதாங்க" என்றேன்.

"அத அப்புறம் பார்ப்போம்மா. இப்ப கையெழுத்தப் போடுங்க."

"அப்ப, அப்புறம் அளப்போம்னு இதுலயே எழுதிக் குடுங்க. போடுறேன்."

 அளக்க வந்தவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார். என் சந்தேகம் சரியாகிவிட்டது, அண்ணே!

"வர்றதயும் கெடுத்துக்கிறியே அக்கா, ஒனக்கு எதுலயும் சந்தேகந்தான்" என்று பக்கத்துக் காம்பரா மல்லிகா திட்டுகிறாள். அவள் போட்டுவிட்டாள். நான் தப்புப் பண்ணுகிறேனா? உள்ளதும் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இங்கே இருந்திருந்தால் போட்டிருப்பீர்களா?

டேப் நீங்கள் வைத்த கடைசிக் கல்வரை வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கள் மேல் சத்தியம். அதுவரைக்கும் யார் என்ன பேர் வைத்தாலும் எனக்கு இது லயம்தான்.

ஏழாம் காம்பராவில் இருக்கும்
உங்கள் தங்கச்சி,
பார்வதி